உமையாள் எல்லோரையும் ‘வாங்க’ என்று கேட்ட நாள்

எங்கள் பக்கத்தில் ஒருவரோடு ஜென்மப் பகை வேண்டுமென்றால் கெட்ட வார்த்தையெல்லாம் தேட வேண்டாம். அவர் வாசல் ஏறி வரும்போது ‘வாங்க’ என்று கேட்காமல் இருந்தால் போதும். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கல்யாணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, “சாப்பாடெல்லாம் சரிதான், மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் வாங்கன்னு கேக்கலையே” என்று காரைக்குடி வரும்வரை காரில் பொருமிக்கொண்டே வரும் ஆட்கள் நாங்கள். (நானும்தான். எனக்கு மட்டும் ரோஷம் கிடையாதா?)

அப்படிப்பட்ட குடும்பத்தில் என் மகள் உமையாள் ஐந்து வயதாகியும் ஒருவரையும் ‘வாங்க’ என்று கேட்டதில்லை. என்னை ‘அம்மா’ என்றே கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் கழற்றிய செருப்பை எடுத்து மற்ற செருப்புகளோடு வரிசை சேர்ப்பாள். ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் என் கணவருக்கும் அவர் தம்பி சொக்கலிங்கத்துக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மற்றவர்களிடம், “எங்க அப்பச்சியே அஞ்சு வயசுக்கு மேலதான் பேசுனாகளாம்” என்று சொல்லிவைத்திருந்தேன். (அப்பச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அவர், பாவம், ஒரு வயதில் பேசத் தொடங்கி இன்றுவரை நிறுத்தாத மனிதர்.)

பயிற்சி கொடுத்த டீச்சர் நல்லவிதமாகத்தான் சொன்னார். “முதல்ல தண்ணி கேக்கப் பழக்குங்க. பிள்ளைக்கு என்ன வேணுமோ அது முதல்ல அவ வாயில வரட்டும்.” நான் கேட்டேனா? எனக்கு வேண்டியது அவள் வாயில் வர வேண்டும் என்று நின்றேன். ‘தண்ணி’ என்றால் அவள் தாகம்தான் தீரும். ‘வாங்க’ என்றால் சொந்தக்காரர்கள் முன்னால் நான் தலை நிமிர்ந்து நடக்கலாமே!

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சொக்கலிங்கம்தான் விருந்தாளி. கேட்டுக்கு வெளியே போவார், உள்ளே வருவார். ஹெல்மெட்டோடு ஒரு தடவை, குடையோடு ஒரு தடவை, பழப்பையோடு ஒரு தடவை. நான் உமையாளுக்குப் பின்னால் நின்று ‘வாங்க, வாங்க’ என்று ஓதுவேன். சொன்னால் கொடுக்க என் கையில் பாதி சீப்புச்சீடை தயாராக இருக்கும். தெருவில் போனவர்கள் அந்த மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவர் சலித்துப்போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சும்மா உள்ளே வந்தார். “வாங்…க” என்றாள் உமையாள்.

கொஞ்சம் கரகரத்த குரல். முதல் பாதி மேலே ஏறிக்கொண்டே போகும். ‘க’ மட்டும் பட்டென்று கீழே விழும். சொல்லி முடித்ததும் சீடைக்குக் கையை நீட்டுவாள். நான் அழுதுவிட்டேன். டப்பா காலியாகும்வரை சொக்கலிங்கத்தை வெளியே அனுப்பி அனுப்பி உள்ளே வரச் சொன்னோம். என் மகள் சரியாகிவிட்டாள் என்று அன்று ராத்திரி சாமிக்கு நன்றியெல்லாம் சொன்னேன்.

அடுத்த வாரம் கண்டனூரில் என் கணவரின் பெரியப்பச்சி இறந்துபோனார்.

துக்க வீட்டில் ஒருவரும் ஒருவரையும் ‘வாங்க’ என்று கேட்கக் கூடாது. தலையை அசைக்கலாம், கண்ணைத் துடைக்கலாம், அவ்வளவுதான். இதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை; தானாகத் தெரிந்துகொள்ளும். உமையாளுக்கு எது தானாகத் தெரியாதோ அதைத்தான் டாக்டர் ஒரு மணி நேரம் எனக்கு விளக்கியிருந்தார். நான் காதில் வாங்கினால்தானே.

உள்ளே ஒப்பாரிச் சத்தம் தாங்காமல் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். வாசலில் சொக்கலிங்கத்திடம் விட்டுவிட்டுப் பெண்களோடு போய் உட்கார்ந்தேன். அவரை ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். உமையாள் தனியாக நின்றாள். எதிரே பந்தல், நாற்காலிகள், வரிசையாகக் கார்கள், படியேறி வரும் ஆட்கள். படித்த கேள்வியே பரீட்சைக்கு வந்துவிட்டது!

“வாங்…க.” கை நீட்டினாள். “வாங்…க.” கை நீட்டினாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் தன்னை யாரும் கேட்கவில்லை என்று குறைபட்டே காலம் தள்ளிய ஒரு பெரியவர், பழக்க தோஷத்தில், “இருக்கட்டும் ஆத்தா, நல்லா இருக்கீகளா?” என்று மலர்ந்து பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வந்த இடம் நினைவு வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாராம். பின்னால் வந்தவர் கத்தியது எனக்கே கேட்டது. “யாரு வீட்டுப் பிள்ளை இது? எழவு வீட்டுல வாங்கன்னு கேக்குது!”

நான் எழுந்து ஓடிவரும்போது, இறந்தவரின் மகள் மீனா ஆச்சி சென்னையிலிருந்து வந்து இறங்கி, கதறிக்கொண்டே படியேறினார். உமையாள் நேரே எதிரில் போய் நின்றாள். “வாங்…க.” கை நீட்டினாள். நான் அவளை வாரி எடுத்தேன். இவ்வளவு பேரைக் கேட்டும் ஒரு சீடைகூட வரவில்லையே! கையை உதறி, கீழே விழுந்து புரண்டு, உள்ளே இருந்த அத்தனை ஒப்பாரியையும் அமுக்குகிற மாதிரி அலறினாள்.

“பெரியவுக மேல இந்தச் சின்னப் பிள்ளைக்கு எம்புட்டுப் பாசம், பாருங்க” என்று ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார்.

நல்ல சாக்கு. அப்படியே பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. “பாசமெல்லாம் இல்லை. இவளுக்கு ஆட்டிசம். இது சாவு வீடுன்னு இவளுக்குத் தெரியாது” என்று அத்தனை பேர் நடுவில் கத்திவிட்டேன்.

“அது தொத்துமா?” என்றார் ஒருவர். மீனா ஆச்சி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். இந்த வாசல்ல எங்க அப்பச்சி என்னைய வாங்கன்னு கேக்காம இருந்ததே இல்லை. இன்னைக்கு இவளாச்சும் கேட்டாளே” என்று அழுதார். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

பங்காளி வீட்டுத் தீட்டு எங்களுக்கும் உண்டு. கருமாதி முடியும்வரை எங்கள் வீட்டிலும் யாரும் ‘வாங்க’ என்று சொல்லக் கூடாது என்பதால் பயிற்சியை நிறுத்திவைத்தோம். மறுபடி தொடங்கிய அன்று சொக்கலிங்கம் உற்சாகமாக உள்ளே வந்தார். உமையாள் பேசாமல் என் கையிலிருந்த சீடையைப் பிடுங்கித் தின்றுவிட்டு அவர் செருப்பை எடுத்து வைக்கப் போனாள். மறுநாளும் அப்படித்தான். எத்தனையோ நாள் பார்த்தோம். “வந்த வார்த்தை இந்தப் பிள்ளைகளுக்குச் சில சமயம் போயிடும். நீங்க ஒண்ணும் பண்ணலை” என்றார் டீச்சர். நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. தண்ணீர், தயிர்சாதம், ஃபேனை நிறுத்து, எல்லாவற்றையும் டேப்லெட்டில் படத்தைத் தொட்டுக் கேட்கிறாள். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. அந்த ஒரு வாரத்தில் அவள் பேசியதைப் போனில் பிடித்துவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி தினமும் கேட்கத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டோம்.

குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கதையை யாராவது எடுப்பார்கள், பெரும்பாலும் மீனா ஆச்சிதான். சொக்கலிங்கம் எழுந்து வாசலில் போய் நின்று, கழுத்தைச் சாய்த்து, குரலைக் கரகரப்பாக்கி, “வாங்…க” என்று கையை நீட்டுவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து ஓய்ந்து அவரவர் எழுந்து போன பிறகு மெதுவாக அவரிடம் போய், “தம்பி, இன்னொரு தடவை சொல்லுங்க” என்பேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல் அவர் இன்னொரு தடவை சொல்வார். அப்படியே அவள் குரல்.