அரை மணி நேரத்துக்கு ஒரு மடி

பாளையம்பட்டி,
வைகாசி 3, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், பாலவனத்தம் பாண்டீஸ்வரன் அவர்களுக்கு, பாளையம்பட்டி மாரிக்கண்ணன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மருமகன் அருஞ்சுனையும் சுகம். அங்கு தாங்களும், தங்கலட்சுமி அக்காவும், பாப்பா தீபலட்சுமியும், செவலைப் பசுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பசு சுகமாக இருப்பது எனக்கே தெரியும். போன புதன்கிழமை லோடு வண்டியில் உங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது பார்த்தேன்.

இந்தா இருக்கிற பாலவனத்தத்துக்கு எவனாவது கடுதாசி எழுதுவானா என்று நீங்கள் நினைக்கலாம். ஃபோன் செய்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு அப்படியே கிடக்கிறது. நம் பக்கம்தான் டவர் இல்லையோ என்று மாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டி மேல் நின்றும் பார்த்தாகிவிட்டது. கடைசியில் செல்போன் கடை மாதவனிடம் காட்டினேன். "அண்ணே, டவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவுகதான் ஒங்கள பிளாக்குல போட்டுட்டாக" என்றான். தபால்காரரை யாரும் பிளாக்கில் போட முடியாது என்பதால் இந்தக் கடிதம். தயவுசெய்து கிழிக்காமல் படிக்கவும். எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் மருமகனுக்கு இன்னும் மொட்டை போடவில்லை. மூன்று வயதில் குலதெய்வம் கோயிலில் வைத்து எடுக்க வேண்டியது. அப்போது உங்கள் தங்கை காளீஸ்வரி தை மாதத்துக்கு நாள் குறித்திருந்தாள், ஐப்பசியிலேயே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வருஷம் திரும்பாமல் நல்ல காரியம் கூடாது என்றார்கள், விட்டோம். வருஷம் திரும்பியபோது அவனுக்கு நாலு வயது நடந்தது, இரட்டைப்படை ஆகாது என்றார்கள், அதையும் விட்டோம். இப்போது அஞ்சு நடக்கிறது. வருகிற ஆனியில் ஆறு ஆகிவிடும், பிறகு ஏழு வரைக்கும் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் முடி காத்திருக்குமா? அது இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. உங்கள் வீட்டு முடி அது, எங்கள் பரம்பரையில் முப்பது வயதுக்கு மேல் யாருக்கும் தலையில் முடி இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகையால் தினமும் காலையில் நான்தான் அவனுக்கு இரட்டைச் சடை போடுகிறேன். செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, யாரோ ஒரு அம்மா வீடியோவில் சொல்லித் தருவதைப் பார்த்துப் பழகினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு லோடு கட்டுகிற முடிச்சு ஒன்றுதான். முதல் நாள் அதையே ரிப்பனில் போட்டுவிட்டேன். கம்பி லோடையே அசையாமல் மதுரை வரைக்கும் கொண்டுபோகிற முடிச்சு, பிள்ளையின் முடியை விடுமா? சாயங்காலம் நகத்தால் நெம்பி, தேங்காய் எண்ணெய் ஊற்றி, அப்புறம் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அவன் அழவில்லை. "அம்மா இப்பிடி இழுக்காது" என்று மட்டும் சொன்னான். அம்மாவின் முகம் அவனுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, அந்தக் கை எப்படி இழுக்கும் என்பது ஞாபகம் இருக்கிறது. நான் திரும்பி உட்கார்ந்து கொஞ்ச நேரம் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லோடு கிடையாது. அன்றைக்கு அவனை எங்காவது கூட்டிப்போவது வழக்கம். ஒரு தடவை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவன் சடையைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு டிக்கெட்டு கெடையாதுண்ணே, லேடீஸ் ஃப்ரீ" என்றார். நான் விளக்கம் சொல்வதற்குள் இவன் சீட்டின் மேல் ஏறி நின்று, "நான் ஆம்பளப் புள்ள" என்று சொன்னான். கண்டக்டர் சிரித்தார். இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது, அத்தாட்சி காட்டுவதற்காக டவுசரில் கை வைத்தான். நான் பாய்ந்து பிடித்தேன். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அதை இவன் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

இன்னொரு ஞாயிறு திருச்சுழி கோயிலுக்குப் போனோம். வாசலில் பூ விற்கிற சந்தனம்மாள் என்கிற அம்மா இவனைக் கூப்பிட்டு, "ஏ தாயி, ஒங்கம்மா எங்கத்தா?" என்று கேட்டது. இவன் நின்று நிதானமாக, "அம்மா செத்துப்போச்சு, நான் ஆம்பளப் புள்ள" என்று இரண்டு திருத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னான். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சடையப் பாத்தப்பவே நெனச்சேன். இது ஆம்பள கட்டுன சடைல்ல" என்றது. பிறகு இவனை முன்னால் உட்கார வைத்து, இரண்டையும் அவிழ்த்து, புதிதாகப் பின்னி, இத்தனூண்டு கனகாம்பரமும் வைத்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்பி வரும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் சாமி கும்பிட வருவமாப்பா?" என்று கேட்டான். நாங்கள் கோயிலுக்குள் போகவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் இரண்டு பஸ் மாறித் திருச்சுழிக்குப் போய்ச் சடை பின்னிக்கொண்டு வருகிறோம். ஊரில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

பங்குனியில் பேன் வந்தது. அவனுக்கு வந்தது எனக்கும் வந்தது. மதுரை ரோட்டில் பஞ்சு ஏற்றிக்கொண்டு போகும்போது தலையைச் சொறிவதற்காக வலது கையைத் தூக்க, பின்னால் வந்த ஆட்டோக்காரர் நான் வலது பக்கம் திரும்பப்போகிறேன் என்று நினைத்து ஒதுங்கி, கரிசல் காட்டுக்குள் இறங்கிவிட்டார். ஏறி வந்து, "ஏலே, நீ திரும்புறியா சொறியுறியா, ஒண்ணச் செய்யி" என்றார். நியாயமான கேள்விதான். பால்வாடி டீச்சர் பிரவீணா, "எதுக்குண்ணே புள்ளயப் படுத்துறீக, பேசாம ஒட்ட வெட்டி விடுங்க. ஜூன்ல ஒண்ணாப்பு போகணும்ல" என்றார். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் காளீஸ்வரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கண்ணன் மடியில வச்சுத்தான் எடுக்கணும். மறந்துராதீக" என்றாள். சாகப்போகிறோம் என்று தெரிந்து சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மச்சான், பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனாலும் ஒரு கணக்கை மட்டும் நேர் செய்ய வேண்டும். "காய்ச்சலு வந்தவளுக்கு மூணு நாளு மெடிக்கல்ல மாத்திர வாங்கிக் குடுத்துக் கொன்னுட்டான்" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னீர்கள். மூன்று நாள் இல்லை. இரண்டே நாள்தான். அது டெங்கு என்று எனக்கென்ன தெரியும். அந்த ஆத்திரத்தில்தான், "சத்தில்லாம வளத்துக் கட்டிக் குடுத்தது நீங்கதான்" என்று நானும் சொன்னேன். அது தப்பு. உங்கள் தப்பு ஒரு நாள் அதிகமாகச் சொன்னது. சரிக்குச் சரி ஆகிவிட்டது, அதோடு விட்டுவிடுவோம்.

எனக்கும் உங்களுக்கும்தான் பேச்சில்லை, அவனுக்கு அது தெரியாது. விருதுநகர் லோடு வரும்போதெல்லாம் அவனையும் ஏற்றிக்கொண்டு, உங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடிப்பேன். அவன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவான். மூன்று தடவை நீங்கள் வாசலில்தான் நின்றீர்கள். மூன்று தடவையும் பசுவின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "மாமாவுக்குக் கண்ணு தெரியாதாப்பா?" என்று கேட்டான். வெயில் என்று சொல்லி வைத்தேன். அடுத்த வாரம் அருப்புக்கோட்டையில் என் கையை உதறிவிட்டுக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்துவிட்டான். உள்ளே போய்ப் பார்த்தால் கடைக்காரரிடம், "எங்க மாமாவுக்குக் கண்ணாடி வேணும். அவருக்கு எங்களத் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைக்காரர் என்ன வயது, கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று அக்கறையாக விசாரிக்கிறார். "மாடு தெரியுது, நாங்கதான் தெரியல" என்கிறான் இவன். ஆளைக் கூட்டி வந்தால்தான் பவர் பார்க்க முடியும் என்று அவர் சொல்லி அனுப்பினார். கூட்டி வருகிறேன் என்று இவன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

ஆகவே, வருகிற வைகாசி 15, வெள்ளிக்கிழமை காலை, எங்கள் அய்யனார் கோயிலில் மொட்டை வைத்திருக்கிறேன். முடியெடுப்பவருக்குச் சொல்லியாகிவிட்டது. கிடா எங்கள் பெரியப்பா வீட்டில் நிற்கிறது. நீங்கள் சீர், செய்முறை எதுவும் கொண்டுவர வேண்டாம். வந்து, உட்கார்ந்து, அரை மணி நேரம் மடியைக் கொடுத்தால் போதும். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம், நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். சாப்பாட்டைக்கூடப் பெரியப்பா கையால் பரிமாறச் சொல்கிறேன். மாமன் வராவிட்டால் முறையுள்ள வேறு யாரையாவது உட்கார வைக்கலாம் என்று பூசாரி சொன்னார். பக்கத்தில் நின்ற இவன், "மாமாதான் இருக்காருல்ல" என்றான்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பாப்பா பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கி, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். உங்கள் கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும், இந்த வருஷமாவது மழை பெய்ய வேண்டும். செவலைக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் மறுமொழியை எதிர்பார்க்காத,
ஆனால் 15ஆம் தேதி எதிர்பார்க்கிற,
மா. மாரிக்கண்ணன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று அவனுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு, கவரை ஒட்டப் பசை வாங்கக் கடைக்குப் போனேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது. வந்து பார்த்தால், சாக்கு பிரிக்க வைத்திருக்கும் கத்தரி தரையில் கிடக்கிறது, அவன் வலது பக்கத்துச் சடை கவருக்குள் இருக்கிறது. ரிப்பனோடு சுருட்டி உள்ளே திணித்திருக்கிறான். அடிக்கக் கை ஓங்கினேன் மச்சான். அவன் நகரவில்லை. "மாமா வரமாட்டாருப்பா. நம்ம முடிய அனுப்பிருவோம். அவரு மடியில வச்சுக்கிரட்டும்" என்றான்.

கவர் தடித்திருப்பது அதனால்தான், பயப்பட வேண்டாம். காளீஸ்வரி கேட்ட ஒன்றையும் நான் கத்தரியை எட்டும் இடத்தில் வைத்துக் கெடுத்துவிட்டேன். இனி 15ஆம் தேதி எதற்கு, மடி எதற்கு? மொட்டையை ரத்து செய்துவிடுகிறேன். நீங்கள் அதற்காக வர வேண்டாம்.

மூன்று நாள்தான் மச்சான். நீங்கள் சொன்னதுதான் சரி. மூன்றாம் நாள் காலையில் அவள், "லோடு எறக்கிட்டு வாங்க, டாக்டர்ட்டப் போயிருவோம், எனக்கு முடியல" என்றாள். நான் அந்த லோடை இறக்கிவிட்டு இன்னொரு லோடு ஏற்றிக்கொண்டு போனேன். சாயங்காலம் மாத்திரையோடு வந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்காக எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன், அதுவும் பொய். அவளைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. வந்து திட்டுங்கள், அடிக்கக்கூடச் செய்யுங்கள், வாங்க.

சடையைத் திரும்ப எடுக்கலாம் என்று பார்த்தேன், அவன் விடவில்லை. இப்போது ஒற்றைச் சடையோடு வாசற்படியில் உட்கார்ந்து, மாமாவுக்கு எப்போது போய்ச் சேரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நாளைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.