விரதத்தோடு ஏறிய ராட்டினம்

நாலு பேர் முன்னால் மயங்கி விழுகிறவனுக்குப் படித்த படிப்பு ஒன்றும் உதவாது. நான் ஊர்காவற்றுறையில் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். (நம்புங்கள், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.)

புங்குடுதீவில் எங்கள் அம்மன் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஒரு ராட்டினம் வந்திருந்தது. வேகம் கூடக் கூடக் கூண்டுகள் வெளியே எறிபட்டுப் படுக்கையாகிவிடும். கால் வெளிப்பக்கம், தலை நடுத்தூண் பக்கம். காலையிலிருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இல்லாத விரதம். "விரதத்தோட ஏறாதேங்கோ" என்றாள் மனைவி. இதயம் தண்ணீர் இறைக்கிற பம்பி மாதிரித்தான், தேவை கூடினால் அதுவும் கூட்டி அடிக்கும் என்று அவளுக்கு விளக்கிவிட்டு ஏறினேன்.

இதயம் அடித்தது உண்மைதான். ஆனால் இரத்தம் ஈயமாகக் கனத்துக் காலுக்குள் இறங்கியது. தலைக்கு ஏற மறுத்தது. நெஞ்சின்மேல் யாரோ ஏறி இருந்ததுபோல மூச்சு பாதியில் நின்றது. முதலில் நிறங்கள் போயின, பிறகு வெளிச்சம், பிறகு நான்.

மயக்கம் தெளியும்போது கை கால் வெட்டி இழுக்கும். அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. இறக்கி மணலில் கிடத்திய விரதகாரனின் உடம்பு, அதுவும் தீர்த்தத்தன்று, உதறுகிறது. அம்மாள் என்மேல் இறங்கிக் கலை வந்துவிட்டது என்று முடிவுகட்டி, வேப்பிலையும் உடுக்குமாகச் சூழ்ந்துவிட்டார்கள். உடுக்கடிக்கு என் வலது கால் தாளம் தப்பாமல் ஆடியதாம்.

கண் விழித்தபோது செல்வராணி அக்கா கைகூப்பியபடி முன்னால் முழங்காலில் இருந்தார். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருப்பவர். யுத்தத்தின் கடைசியில் காணாமல் போன மகனை இன்றும் தேடுகிறவர்.

"தாயே, என்ர பிள்ளை இருக்கிறானோ?"

உடுக்கு நின்றது. 'வருவான்' என்று ஒரு சொல் போதும், அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. இனி வரமாட்டான் என்று நான் நினைப்பதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

"அக்கா, அம்மாள் வரேல்லை. நான் மயங்கிப் போனனான்."

"தெரியும் தம்பி. கேக்காமல் போக ஏலாமல் கிடந்தது" என்றவர், பக்கத்தில் நின்றவரிடம் சோடாவை வாங்கி என் கையில் தந்தார். "நீர் முதல்ல இதைக் குடியும்."

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் மனைவி இன்றும் இந்தக் கதையை எடுப்பாள். என் கால் ஆடியதை ஆடிக் காட்டுவாள்; வீடே சிரிக்கும், நானும்தான். பிறகு என்ன நடந்தது என்று அவர்கள் கேட்பார்கள். "பிறகென்ன, சோடா குடிச்சிட்டு எழும்பிட்டார்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விடுவாள்.