ஆல்ட்ரேஷன் சாரும் என் டார்கெட் போர்டும்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் உழைத்துக் களைத்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேலையும் செய்யாமல் அவர்கள் எல்லோரையும்விட அதிகமாகக் களைத்துப்போனவர் ஒருவர்தான். அவர் என் வீட்டு மாடி அறையில் ஆறு வருஷம் குடியிருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாடகைப் பத்திரத்தில் கூட இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது தெரியாது, எல்லோருக்கும் அவர் ஆல்ட்ரேஷன் சார். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான்.

நான் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் பாக்டரியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவள். நூல் வெட்டுகிறவளாகச் சேர்ந்து, காலர் தைத்து, கடைசிப் பதினோரு வருஷம் லைன் சூப்பர்வைசர். எனக்குக் கீழே நாற்பது பெண்கள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் டிகிரி படித்த மேனேஜர் என்னைக் கேட்காமல் பட்டன் நிறத்தைக் கூட முடிவு செய்ததில்லை. என் லைனில் ஷிப்மெண்ட் ஒரு நாள் தவறியதில்லை. தைத்தது கோணலாக இருந்தால் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவோம். அதற்குத்தான் ஆல்ட்ரேஷன் என்று பெயர். இவர் நாள் பூராவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், புதிதாக ஒன்றும் தைக்காமல்.

வீடு கேட்டு வந்தபோது என்ன வேலை என்றேன். எழுதுகிறேன் என்றார். எங்கள் ஏரியாவில் எழுதுகிறவர் என்றால் பத்திரம் எழுதுகிறவர். என் மனைக்குக் காத்தா என்கிற சொத்துப் பதிவு வாங்க நான்கு வருஷமாக அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருந்தேன். சாமியே ஆள் அனுப்பியிருக்கிறது என்று உடனே சாவியைக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் பொறுத்து என் காகிதக் கட்டோடு மாடி ஏறினேன். மனிதர் ஒரு மணி நேரம் ஒரு தாள் விடாமல் படித்தார். கண் கலங்கிவிட்டது. "அம்மா, இதுல ஒரு நாவலே இருக்கு," என்றார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. சாவியைத் திருப்பிக் கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்தக் காகிதங்களைப் பார்த்து என்னைத் தவிர வேறு யாரும் அதுவரை அழுததில்லை. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அவருடைய ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் குளித்து, திருநீறு வைத்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு சரியாக ஒன்பதுக்கு மேஜை முன் உட்காருவார். ஒன்பதரைக்கு எழுந்துவிடுவார். பேனாவைக் கழுவுவார். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலைத் திறப்பார், வெளிச்சம் கூடிவிட்டது என்று மூடுவார். மொட்டை மாடியில் காயும் என் புடவைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் நடப்பார். பதினொரு மணிக்கு, கல் உடைத்தவர் மாதிரி வந்து படுத்துவிடுவார்.

சாப்பாட்டுக்கு வேறு வழி வைத்திருந்தார். போனில் கதை கேட்கும் ஏதோ ஓர் ஆப்புக்குத் தினம் ஒரு பேய்க் கதை. அதை மத்தியானம் நின்றபடியே அரை மணியில் எழுதிவிடுவார், ஓர் அடித்தல் இருக்காது. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண், புளியமரம், வெள்ளைச் சேலை. மறுநாள் மரத்தை மட்டும் மாற்றுவார். எங்கள் பாக்டரி பாஷையில் அது ஜாப் ஒர்க், அடுத்தவர் சரக்கைக் கூலிக்குத் தைப்பது. அவருடைய சொந்தச் சரக்கு என்பது நாவல். அது நான்கு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

நாவலில் சுகந்தி என்று ஒரு டீச்சர். ஒரு தடவை மூன்று நாளாக இவர் சரியாகச் சாப்பிடவில்லை. விசாரித்தால், சுகந்தி மழையில் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டாளாம், குடையை எப்போது மடக்குவாள் என்று தெரியவில்லையாம்.

"மூணு நாளா புடிச்சிக்கிட்டு நிக்கிறாளே, அவளுக்குக் கை வலிக்காதா சார்?" என்றேன்.

முகம் மலர்ந்துபோய் அதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். நான் கேலி செய்தேன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இன்னொரு நாள் தண்ணீர் லாரி டிரைவரை நிறுத்தி, கோபம் வந்தால் லாரியிலிருந்து எந்தக் காலை முதலில் கீழே வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். "ஏன் ஸார், நிமகெ தலெ கெட்டிதெயா?" என்று, புத்தி கெட்டுவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டு, டிரைவர் இரண்டு காலையும் ஒன்றாக வைத்துக் குதித்தார். அடுத்த இரண்டு வாரம் எங்கள் தெருவுக்கு லாரி வரவில்லை. தெருவே குடத்தோடு அலைந்தது. நாவலில் அந்த இடம் நன்றாக வந்திருப்பதாக எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருடைய அண்ணன் கெடு வைத்தார். அண்ணனுக்கு வாணியம்பாடியில் பெயிண்ட் கடை. ஆயுத பூஜைக்குள் நாவலை முடித்துச் சென்னைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டால் உன் வழிக்கு வரமாட்டேன், இல்லாவிட்டால் அன்றைக்கே டெம்போ கொண்டுவந்து சாமானோடு உன்னையும் ஏற்றிப்போய், சாயந்திரம் கடைப் பூஜையில் கல்லாவில் உட்காரவைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பதிப்பகம் சொன்ன கடைசி நாளும் அதுவேதான்.

மாடிப்படியில் உட்கார்ந்து இதை என்னிடம் சொன்னார். "பெயிண்ட் கடை ஒண்ணும் கெட்ட இடம் இல்லம்மா. ஆனா அங்க போயிட்டா நான் இனிமே எழுத மாட்டேன். எனக்கே தெரியும்."

எத்தனை அதிகாரம் என்றேன். முப்பதாம். முடிந்தது இருபத்தாறு. கையில் நாற்பது நாள் இருந்தது. நாலே நாலு பீஸ், அதற்கு நாற்பது நாள். என் லைன் பெண்கள் கேட்டால் சிரித்தே செத்துப்போவார்கள்.

"நாளைல இருந்து நீ என் லைன்ல இருக்கே," என்றேன். அன்றோடு சார் போய் நீ வந்தது. கோபம் வந்தால் மட்டும் சார் என்பேன்.

அவர் கதவில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டேன். பாக்டரியில் லைனுக்கு லைன் இருக்கும் டார்கெட் போர்டு மாதிரி, மணிக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு மணிக்கும் ஏறிப் போய் எண்ணி எழுதுவேன். போனை வாங்கி என் அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன், மத்தியானம் பேய்க்கு மட்டும் அரை மணி வெளியே வரும். பாத்ரூம் போக டோக்கன். பாக்டரியில் டோக்கன் முறை எனக்கே பிடிக்காது. ஆனால் இவர் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே யோசிக்கிற ஆள்.

முதல் இரண்டு நாள் சைபர். மூன்றாவது நாள் ஐந்து பக்கம் காட்டினார். பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒரு விரல் இடைவெளி. பெரிய பெரிய தையலாகப் போட்டுச் சீக்கிரம் முடிக்கிற பெண்களை நான் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். "சார், இது தையல் இல்ல, நூல் ஓட்டினது," என்று திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு ஏமாற்றவில்லை.

தினம் சாயந்திரம் ஐந்து மணிக்கு அன்றைய பக்கங்களைப் படித்துக் காட்ட வேண்டும். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று மளமளவென்று வந்தது. முந்தைய இருபத்தாறு அதிகாரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் சுகந்தியை எனக்குப் பிடித்துப்போனது. அதிகம் பேசாதவள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். கடந்து போவாளா மாட்டாளா என்பதுதான் முப்பதாவது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானமே முப்பதும் முடிந்துவிட்டது. படித்தார். சுகந்தி ரோட்டைக் கடந்தாள், அவன் கையைப் பிடித்தாள். அடுத்த வரியில் கல்யாணம், அதற்கடுத்த வரியில் குழந்தைக்கு மொட்டை. முடித்துவிட்டு, நாலரை வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு ஒன்று சிரித்தார். "டார்கெட் முடிஞ்சதும்மா. நாளைக்கு அனுப்பிடலாம்."

டார்கெட் கேட்டவள் நான்தானே. நோட்டுக்கும் பேனாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜைப் பலகையில் என் தையல் மிஷின் பக்கத்தில் வைத்தேன்.

காலையில் கற்பூரம் காட்டும்போது கண் அந்த நோட்டிலேயே போய் நின்றது. பாக்டரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் போட்டிருப்பேன். ஷிப்மெண்டுக்காக அப்படிப் போட்டும் இருக்கிறேன், இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. எந்த ஊரில் எவன் கோணல் காலரோடு திரிகிறானோ. ஆனால் சுகந்தியை எனக்குத் தெரியும். அவள் இப்படிச் செய்கிறவள் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "கடைசிய பிரிச்சுத் தை," என்றேன்.

திகைத்துப்போனார். நாள் பூராவும் பிரித்துக்கொண்டே இருந்த மனிதர், இது போதும் என்று என்னோடு வாதாடினார். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார். அண்ணன் வருகிற நேரம் என்றார். கடைசியில், "சரஸ்வதி பூஜை அன்னிக்கு எழுதக் கூடாதும்மா. சாமி முன்னாடி வெச்ச பேனா," என்றார்.

இத்தனை வருஷத்தில் அன்றைக்கு நான் ஊசியைக் கூடத் தொட்டதில்லை. பேனாவிலிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ உக்காரு."

பத்து மணிக்கு அண்ணன் வந்தார், வாழைக்கன்று கட்டிய டெம்போவோடு. தம்பி எங்கே என்றார். வேலையில் இருக்கிறார் என்றேன். பூஜை நாளில் என்ன வேலை என்று மாடிக்குக் கிளம்பினார். நான் முதல் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"பீஸ் மிஷின்ல இருக்கும்போது ஆளை எழுப்ப மாட்டோம் தம்பி. ஊசி கையில ஏறிடும்."

அண்ணன் நல்ல மனிதர். முதலில் முறைத்தார், பிறகு பொரி சாப்பிட்டார், பிறகு சுண்டல், பிறகு வடை பாயசத்தோடு முழுச் சாப்பாடு. இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் கடைப் பூஜைக்குப் போய்ச் சேர முடியும் என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சொன்னார். நான் படியை விட்டு நகரவில்லை. ஒன்றே முக்காலுக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

நோட்டோடு இறங்கி வந்து, படியில் நின்றபடியே படித்தார். ஒன்றரைப் பக்கம்தான். சுகந்தி ரோட்டைக் கடக்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி, பச்சை பெயிண்ட் அடித்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஏன் என்று அவர் எழுதவில்லை. எனக்குப் புரிந்தது.

"அப்ப அவன் அங்கயேதான் நிப்பானா?" என்றார் அண்ணன்.

பாஸ் என்றேன். போனை அரிசியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார். அண்ணன் வாக்குத் தவறாதவர், காலி டெம்போவில் ஏறினார். அந்த மாதிரிப் பச்சை இப்போது எந்தக் கம்பெனியிலும் வருவதில்லை என்று மட்டும் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆல்ட்ரேஷன் சார் அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். கல்யாணமாகி மைசூர் பக்கம் போய்விட்டார். மாடியில் இப்போது கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள். நன்றாக உழைக்கிறார்கள். என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அச்சான புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார். காலையில் வெயில் வந்ததும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடிகிறது. இன்னும் ஓர் அதிகாரம் போனால், கீரை ஆய்ந்துகொண்டே நான் கேட்ட இடம் வந்துவிடும். அதனால் இந்த வாரத்திலிருந்து அரைப் பக்கத்தோடு மூடிவைத்துவிடுகிறேன்.