ரயிலுக்கு மிக அருகில்

பொதுமக்கள் ரயிலடியிலேயே நெருங்கி வாழ்ந்து, வண்டிக்கூலி கொடாமல் கால்நடையாகவே பிரயாணம் புறப்படுவதுதான் நாகரிகத்தின் லட்சணம் என்று 1938-ல் விழுப்புரத்து நகர அமைப்பு அதிகாரி கோதண்டபாணி திருவுளம் பற்றினார். ஜங்ஷனைச் சுற்றிச் சுவரோடு சுவராக வீடுகள் எழும்பின. முதல் வீடு அவருக்கு, அடுத்தது எனக்கு. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் ரயில் கைகாட்டி மரம் தெரியும்.

குடியேறிய நாள் முதலாக எங்கள் நகரில் ஒரு பயல் ரயிலைப் பிடித்ததில்லை.

கைகாட்டி இறங்கினால்தான் குளிக்கவே போவோம். வண்டி ஊதினால் இலை போடச் சொல்வோம். "இங்கேதானே இருக்கு!" என்று ரசம் சாதம் பிசையும்போது கார்டு பச்சைக்கொடி காட்டிவிடுவான். பத்து மைல் தள்ளியிருக்கும் கெடார் கிராமத்திலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வரும் பச்சைமுத்துவோ, முதல் நாளே கிளம்பி வந்து பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்து, ஜம்மென்று ஏறிப் போய்விடுவான். வயிறு எரியுமா எரியாதா?

திண்டிவனத்தில் முகாமிட்டிருந்த மேலதிகாரியைக் கோதண்டபாணி பார்த்தாக வேண்டியிருந்தது. இரண்டு தடவை வண்டியைத் தவறவிட்டார். மூன்றாம் தடவையும் வராவிட்டால் உத்தியோகமே இல்லை என்று தந்தி வந்தது. அவர் மனைவி கிருஷ்ணவேணி அழுதே விட்டாள்.

"இன்னிக்கே ஸ்டேஷன்ல போய்ப் படுத்துடுங்களேன்!"

"ஸ்டேஷனுக்கு எதிர்வீட்டுக்காரன் நான், பிளாட்பாரத்துல படுக்கறதா? மானம் போயிடும்டி!"

ஆற அமர விசாரணை நடத்தினார். தூரத்திலிருப்பவன் பிடிக்கிறான்; கிட்டத்திலிருப்பவன் கோட்டை விடுகிறான். ஆகவே குற்றம், தூரப் பற்றாக்குறையே! 'பிரயாணம் போகும் நகரவாசிகள் முதல் நாளே கெடாருக்குச் சென்று, அங்கிருந்து புறப்படக் கடவர்' என்று உத்தரவு போட்டார். தாமே முதல் ஆளாக மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய்ப் பச்சைமுத்து வீட்டு வாசலில் இறங்கினார்.

பச்சைமுத்து பதறிப்போனான். "எஜமான், உங்க வூடு ஸ்டேஷனுக்கு எதிர்க்கவே கீதுங்களே! இங்க எதுக்குங்க வந்துக்கீறீங்க?"

"ரயிலுக்குப் போகத்தான்யா! ஜல்தி, கிளம்பு!"

இருவரும் பத்து மைல் நடந்து வந்தார்கள். கோதண்டபாணி அவனோடு பிளாட்பாரத்திலேயே துண்டை விரித்துப் படுத்தார். கெடாரிலிருந்து வந்தவராகையால் மானம் போகவில்லை. வண்டியும் கிடைத்தது, பதவியும் உயர்ந்தது.

அப்புறம் எங்களைக் கையில் பிடிக்க முடியுமா? கல்யாணத்துக்குப் போகிறவன், சாவுக்குப் போகிறவன் எல்லாரும் கெடாருக்கு ஓடினோம். பச்சைமுத்து பெண்டாட்டி முனியம்மாள் ஒரு பானைக் கேப்பைக் கூழை எத்தனை பேருக்குத்தான் ஊற்றுவாள்? "பேஜாரு புடிச்ச ஜனங்க!" என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

எங்களுக்கும் கால் கடுத்துப் போயிற்று. ஒருமுகமாக விண்ணப்பம் போட்டுப் போன வாரம் அனுமதி வாங்கிவிட்டோம். கெடாரிலேயே ஒரு ஸ்டேஷன் வருகிறது! அதைச் சுற்றி எங்களுக்கெல்லாம் மனை. முதல் வரிசையில் எனக்கு ஒன்று, அடித்துப் பிடித்து வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இனி ரயிலுக்குப் போக எந்த ஊருக்குப் போய்ப் புறப்படுவது? உங்கள் வீட்டில் இடமிருக்குமா?