பூட்டுக்கு எண்ணெய் போட்டவன்

தையல்காரர் பூட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சந்தேகமே இல்லை. யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிறு வரை சாவியோடு மல்லுக்கு நின்ற பழைய பூட்டு அது. இன்று தொட்டதும் திறந்துகொண்டது. சொந்தப் பூட்டு திடீரென்று இவ்வளவு மரியாதை காட்டினால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

ஊருக்கு வெளியே, அந்தப் பூட்டுக்குப் பின்னால் கிடந்த பொட்டல் நிலத்தை ஆசைப்பட்டு வாங்கியவர் அவர். வாரம் ஒருநாள் காற்று வாங்கலாம், வயதான காலத்தில் நல்ல விலைக்கும் போகும் என்று கணக்கு. மனைவி ஒரே ஒரு முறை வந்து பார்த்தாள். "இந்த முள்ளுக்காட்டைக் காட்டவா கூட்டிட்டு வந்தீங்க? இனிமே இந்தப் பக்கம் நான் கால் வெச்சா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அதன்பிறகு ஞாயிறுதோறும் அவர் மட்டும் வந்து, நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவார்.

முதலில், அங்கிருந்த ஒற்றை மரத்தடியில் யாரோ முள்ளை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து புலம்பினார். இன்றைக்கு முள்ளை வெட்டுவான், நாளைக்குக் குடிசை போடுவான், அப்புறம் நம்மையே யாரென்று கேட்பான்.

"வேலி போடுங்க" என்றாள் மனைவி, தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

போட்டார். அவர் நட்ட கம்பங்கள் அவரைப் போலவே கொஞ்சம் சாய்ந்துதான் நின்றன. மறுவாரம் அத்தனையும் நிமிர்ந்திருந்தன. தொய்ந்த கம்பியைத் துணிக்கரை வைத்து இழுத்துக் கட்டியிருந்தது. பயந்துபோய் கேட் போட்டுப் பூட்டினார். ஒரு சாவி இடுப்பில், இன்னொன்று வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில். பூட்டுக்கு எண்ணெய் வந்தது.

எடுத்துப் போகிறவன் மேல் புகார் கொடுக்கலாம். செய்துவிட்டுப் போகிறவன் மேல் என்னவென்று கொடுப்பது?

அதுவும் தையல் மெஷின் எண்ணெய். அந்த வாசனை அவருக்குத் தெரியாதா? துணிக்கரை, மெஷின் எண்ணெய் இரண்டையும் கூட்டிப் பார்த்ததில் எதிர்க்கடைத் தையல்காரன்தான் விடையாக வந்தான். வாடிக்கைக்காரர்களை வளைத்தது போதாதென்று நிலத்தையும் வளைக்கப் பார்க்கிறான்.

"வித்துத் தொலைச்சிடலாம்னு இருக்கேன். புரோக்கரை வரச் சொல்லியாச்சு" என்றார் சாப்பிடும்போது.

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி பாதியில் நின்றது. "எவனோ ஒருத்தனுக்குப் பயந்துகிட்டா? ஞாயித்துக்கிழமை போய் ஒளிஞ்சிருந்து பிடிங்க. அப்புறம் பேசிக்கலாம்."

யோசனை நல்லதுதான். கிழமைதான் சரியில்லை. இவர் வருகிற நாளில் எந்தத் திருடன் வருவான்? செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்காமல், வீட்டிலும் மூச்சு விடாமல் பஸ் ஏறினார். கேட்டைத் திறந்தால் திருடன் உஷாராகிவிடுவான் என்று, தன் வேலிக்குள் தானே நுழைந்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு புதருக்குள் குந்தினார்.

பின்னாலிருந்து ஒரு கை காலரைப் பிடித்துத் தூக்கியது. அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்.

"யோவ், உள்ள என்னய்யா பண்றே?"

"விடுப்பா, நான்தான் நிலத்துக்காரன்."

"கதை விடாதே. நிலத்துக்கார அம்மா செவ்வாய்க்கிழமையானா வந்து அந்த மரத்தடியில உட்கார்ந்துட்டுப் போறாங்க, அடுத்த பஸ்ல வந்துடுவாங்க. வாங்கும்போது திட்டிட்டாங்களாம், இப்போ பிடிச்சுப்போச்சுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வெட்கமாம். அவர் பெரிய சந்தேகப் பிராணி, ஞாயித்துக்கிழமை வந்தா கண்டுக்காதேன்னு சொல்லி வெச்சிருக்காங்க. நீ செவ்வாய்க்கிழமையில்ல வந்திருக்கே?"