ஒன்பதாம் நம்பர் வண்டி

ஒன்பதாம் நம்பர் வண்டி ஆஸ்பத்திரித் தடத்தில் கிளம்பத் தயாராக நின்றபோதுதான், தன் மனைவி வேலைக்குப் போவது அந்தத் தடத்தில் என்பது டிப்போ மேனேஜருக்கு உறைத்தது. 

பஸ் தயாரித்த கம்பெனியிலிருந்து காலையில் போன் வந்திருந்தது. ஏர் பிரேக்கில் கோளாறு, ஆள் அனுப்பிச் சரிசெய்து தருகிறோம் என்றார்கள். ஆளும் வந்தார். ஒன்பதாம் நம்பருக்கு அடியில் படுத்து எதையோ கழற்றினார், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் இதையெல்லாம் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தே புரிந்துகொண்டார். விசாரித்துத் தெரிந்துகொள்வது சின்ன உத்தியோகஸ்தர்கள் செய்கிற வேலை.

மெக்கானிக்கை அழைத்து, பிரேக் சமாசாரம் பற்றி மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவைத்தார். வண்டியை நிறுத்தினால் ட்ரிப் ரத்தாகும், மேலிடம் கேள்வி கேட்கும். பிரேக் பிடிக்காவிட்டால் கேட்கப்போவது பொதுமக்கள்தானே. அவர்களுக்குப் பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

ஆனால் மனைவி பொதுமக்களில் சேர்த்தி இல்லை. ஒன்பதைக் கல்லூரித் தடத்துக்கு மாற்றினார்.

டீ ஆறுவதற்குள் மகள் போன் செய்தாள். முதல் வகுப்பு இல்லையாம், அடுத்த பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போகிறாளாம்.

"அதுல ஏறாதே."

"ஏன்ப்பா?"

"ஏறாதேன்னா ஏறாதே."

அந்தப் பதில் மகளிடமிருந்து அம்மாவுக்குப் போய்ச்சேர இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னங்க, எந்த பஸ்ஸுல ஏறக் கூடாது?"

"அது ஆபீஸ் ரகசியம்."

"சாயந்திரம் வீட்டுக்கு வர்ற எண்ணம் இருக்கா இல்லையா?"

ஆபீஸ் ரகசியம் அத்தோடு முடிந்தது. ஒன்பதை மில் தடத்துக்கு மாற்றினார். மனைவி அதை யாரிடமும் சொல்லவில்லை, தன் தம்பியையும் சித்தப்பாவையும் தவிர. ஒன்பது இப்போது மில் தடத்தில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, மில்லில் வேலை பார்க்கும் மச்சான் பதறிக்கொண்டு பேசினான். சந்தைத் தடத்துக்கு மாற்றினார். கத்தரிக்காய் வாங்கப் போயிருந்த சித்தப்பா, மாப்பிள்ளை தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாரா என்று நேராகவே கேட்டார்.

ஊர்ப் பலகையைக் கழற்றி மாட்டியே கை விட்டுப்போகிறது என்று டிரைவர் முணுமுணுத்தார். கல்லூரிக்கு ஏறியவர்கள் மில் வாசலில் இறங்கிச் சண்டைக்கு வந்தார்கள். மேனேஜர் அசரவில்லை. கடைசியில் ஒன்பதைச் சிறைச்சாலைத் தடத்தில் விட்டார். அவருடைய சொந்தபந்தத்தில் அந்த இடத்துக்கு இதுவரை யாரும் போய்ச்சேரவில்லை.

நிம்மதியாகச் சாய்ந்தபோது மனைவி மறுபடியும் கூப்பிட்டாள். மலைமேல் தங்கை புது வீடு வாங்கியிருக்கிறாளே, சாயந்திரம் எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தீர்மானமாகியிருந்தது. மலைக்கு எந்த வண்டி என்று கேட்டாள்.

"நாலாம் நம்பர். கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்."

சாயந்திரம் மனைவி, மகள், மச்சான், மச்சான் பெண்டாட்டி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அவர்கள் குழந்தைகள், கைத்தடியோடு சித்தப்பா என்று மொத்தக் குடும்பமும் டிப்போவுக்கே வந்துவிட்டது. அவரே கைகொடுத்து ஏற்றி, முன்சீட்டுகளில் உட்காரவைத்தார். மலைப்பாதையின் இறக்கங்களில் பார்த்துப் போகும்படி டிரைவரிடம் நாலு முறை சொன்னார். குழந்தை ஜன்னல் வழியே கையாட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் பொய்யில்லை.

வண்டி கேட்டைத் தாண்டி மலைப்பாதைப் பக்கம் திரும்பி மறைந்தது. கை துடைத்துக்கொண்டு மெக்கானிக் அந்தப் பக்கமாக வந்தான். குடும்பம் பத்திரமாகப் போய்விட்ட தெம்பில், மேனேஜருக்குப் பொதுமக்கள் மேல்கூடக் கொஞ்சம் கருணை பிறந்தது.

"ஏம்ப்பா, அந்தக் கம்பெனி ஆள் நாளைக்கு வந்து ஒன்பதைச் சரி பண்ணிடுவாரா?"

மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒன்பதுக்குக் காலையிலேயே புது பிரேக் மாட்டியாச்சே சார். நாளைக்கு அவர் வர்றது மத்த வண்டிங்களுக்கு."