இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்ன வீடு

"அப்போ நான் கிளம்பறேனே?" கையில் பையோடு சபாபதி நான்காவது முறையாகக் கேட்டார்.

"இப்பத்தானே அண்ணே வந்தீங்க! இருங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க," என்றது வீடு.

ஆமாம், வீடுதான். 1994-இல் மலேசியாவில், பூச்சோங்கில் ஒரு கம்பெனி கட்டிய பேசும் வீடு. அதுவே சமைக்கும், பெருக்கும், சுவரிலிருந்து கை நீட்டிக் கால் பிடித்துவிடும். நம் ஆட்கள் விருந்தாளியைக் கவனிக்கிற லட்சணம் முழுவதையும் அதன் கம்ப்யூட்டருக்குள் ஏற்றித் தொலைத்திருந்தார்கள். ஒரு வாரம் தங்கிப் பார்க்க ஆள் கேட்டதும், ரயில்வேயில் ரிட்டயரான சபாபதி முதலில் ஓடினார். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மகள் ரமணியின் கல்யாண அமளி. மனுஷனுக்குத் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

ஐந்து நாள் சொர்க்கம்தான். வடை, பாயசம், தூக்கம்.

இன்று ஞாயிறு. ஒன்பதரைக்குக் கிள்ளான் கோயிலில் முகூர்த்தம். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய அப்பா ஏழு மணிக்கு இங்கே செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

டீயோடு எட்டு இட்லி வந்தது.

"வேணாம்மா, போதும்."

"கூச்சப்படாதீங்க அண்ணே!" இன்னும் நாலு விழுந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு என் மகளுக்குக் கல்யாணம் லா. நான் போயே ஆகணும்."

"அய்யய்யோ! கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட அனுப்புவேனா? உட்காருங்க, ஐந்நூறு லட்டு பிடிச்சுத் தரேன்." செலாயாங் பாசாரில் ஒரு மளிகைக் கடைக்கு ஃபோன் போட்டுச் சர்க்கரையும் சொல்லிவிட்டது.

மணி எட்டேகால். "உடம்பு சரியில்ல, என் வீட்டுல போய்ப் படுக்கணும்," என்று புளுகினார்.

வீடு பதறியது. நெற்றியில் தைலம், கிண்ணத்தில் மிளகு ரசம். "இந்த நிலைமையில எப்படி அண்ணே அனுப்புவேன்?"

ஃபோன் அடித்தது. மனைவி புஷ்பவல்லி. அவர் எழுந்திருப்பதற்குள் வீடே பேசிவிட்டது.

"அண்ணனுக்குக் காய்ச்சல் அக்கா, நான் பார்த்துக்கறேன். நீங்களும் வாங்களேன், சாப்பிட்டுப் போகலாம்."

"பெத்த மகளைவிட அங்க சாப்பாடு பெரிசாப் போச்சா? அவரு வரவே வேணாம். என் தம்பி தாரை வார்ப்பான்!"

ஃபோன் வைக்கப்பட்டது. சபாபதி சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"தாயே, என்னைப் போகச் சொல்லேன்!" என்று கும்பிட்டார்.

"கோவமா அண்ணே? சாப்பாட்டுல ஏதாச்சும் குறையா?"

ஒன்பதரை அடித்தது. "ரமணி இப்போ என்னைத் தேடுவாளே," என்று வாய்விட்டு அழுதார். வீடு பாயசம் நீட்டியது. பாழாய்ப்போன பாயசம், அதில் முந்திரி வேறு.

பத்து மணிக்குச் சர்க்கரை மூட்டையோடு பாசார் கடைக்காரி தங்கமணி உள்ளே வந்து நின்றாள்.

"இருங்க அக்கா, டீ..." என்று வீடு ஆரம்பித்தது. அவள் காதிலேயே வாங்காமல் மூட்டையைப் போட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினாள்.

சபாபதி பாய்ந்து அவளை மறித்தார். "அக்கா, அக்கா! பூட்டை எப்படித் திறந்தீங்க?"

தங்கமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பூட்டா? சும்மா சாத்தித்தானே அண்ணே கிடந்துச்சு. நீங்க தள்ளியே பார்க்கலையா?"